சுமையை எங்கே நிறுப்பது

கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டவர் அதை விற்க இரண்டு வழி உண்டு. வியாபாரி காட்டுக்கே வந்து, நாலைந்து செடியைப் பிடுங்கிப் பார்த்து, கண்மதிப்பாக மொத்தக் காட்டுக்கும் ஒரு விலை பேசி முடிப்பது ஒரு வழி. பேச்சு முடிந்த பிறகு கிழங்கு பெருத்திருந்தால் வியாபாரிக்கு லாபம், சிறுத்திருந்தால் அது அவர் பாடு. கிழங்கைப் பிடுங்கி மூட்டை கட்டி, வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு வளைந்து இறங்கும் பாதையில் வண்டியேற்றி, சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைக்குக் கொண்டுபோய்ப் ‘பாயிண்ட்’ பார்த்து விலை வாங்குவது இன்னொரு வழி. பாயிண்ட் என்றால் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு. மாவு மிகுந்த கிழங்கு அடர்த்தி கூடியது. தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுத்தால் மற்றதைப்போல் அது எடை இழப்பதில்லை. சுமையிலிருந்து கொஞ்சம் அள்ளி நீருக்குள் நிறுத்து, அந்த எடையை வைத்துச் சுமை முழுவதற்கும் பாயிண்ட் சொல்லிவிடலாம். இரண்டு வழியிலும் கைமாறுவது அதே கிழங்கு. ஆனால் முதலாவதில் மதிப்பீடு காட்டிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் மதிப்பிடப்படாத சுமை ஆலை வாசலைத் தாண்டி உள்ளே போகிறது. விலை அங்கே பிறக்கிறது.

கணினி நிரலில் ஒரு செயற்கூறை அழைக்கும் ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், செயற்கூறு தன் வாசலில் வைத்திருக்கும் காலி இடத்தை அளபுரு என்றும், அழைப்பவர் அந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பதைச் செயலுருபு என்றும் பிரித்துச் சொல்கிறது. நல்ல சொற்கள். பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழியை வைத்து, மதிப்பு மூலம் அழைத்தல், குறிப்பு மூலம் அழைத்தல் என்ற இரண்டு முறைகள் அறிமுகமாகின்றன. முன்னதில் நகல் உள்ளே போகிறது; பின்னதில் இருப்பிடம் போகிறது, எனவே உள்ளே செய்த மாற்றம் வெளியிலும் தெரிகிறது. இதில் தவறேதும் இல்லை. ஆனால் இது ‘எது உள்ளே போகிறது’ என்ற கேள்விக்கான பதில். செயலுருபின் இடத்தில் வெறும் 5 என்ற எண் இல்லாமல், நீண்ட கணக்கு ஒன்று எழுதப்பட்டிருந்தால் அந்தக் கணக்கை எப்போது போடுவது என்ற கேள்வி அதற்கும் முந்தியது. அழைப்பதற்கு முன்பா, உள்ளே போய்த் தேவைப்படும்போதா, தேவைப்படும் ஒவ்வொரு தடவையுமா? செயற்கூறு பற்றிய பாடம் இந்த ‘எப்போது’விலிருந்துதான் தொடங்க வேண்டும், அதை மொழிநுட்பத்தின் மூலையில் ஒதுக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரை நிறுவ விரும்புவது.

இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் புழங்கும் சி, ஜாவா, பைத்தான் எல்லாம் செயலுருபை முதலில் கணக்கிட்டு முடித்துவிட்டே செயற்கூறுக்குள் நுழைகின்றன. இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல் இயற்கையாகத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1960-இல் பீட்டர் நார் பதிப்பித்து வெளிவந்த அல்கால் 60 மொழியின் அறிக்கையில் நிலைமை தலைகீழ். அளபுருவை ‘மதிப்பு’ என்று தனியாக அறிவித்தால் மட்டுமே செயலுருபு முன்கூட்டிக் கணக்கிடப்படும். அறிவிக்காமல் விட்டால் அது பெயர் மூலம் அழைத்தல்: செயலுருபு எழுதப்பட்ட வடிவிலேயே உள்ளே போகும், செயற்கூறின் உடலில் அந்தப் பெயர் வரும் இடந்தோறும் அந்தக் கணக்கு புதிதாகப் போடப்படும். இதை இயந்திரத்தில் நடத்திக் காட்ட 1961-இல் இங்கர்மேன் ஒரு உத்தியை எழுதினார். கணக்கின் விடையைத் தராமல், கணக்கைப் போடத் தெரிந்த ஒரு சிறு நிரல்துண்டைக் கட்டிக் கொடுத்தனுப்புவது அது. அதற்குத் ‘தங்க்’ என்று பெயர். கிழங்கு மூட்டைக்குப் பதிலாக, ‘இன்ன காட்டில் போய்ப் பிடுங்கிக்கொள்’ என்று எழுதிய சீட்டைக் கொடுப்பதைப்போல.

சீட்டில் ஒரு தொல்லை உண்டு. செயற்கூறின் உடலில் அந்தப் பெயர் பத்து இடத்தில் வந்தால் பத்துத் தடவை காட்டுக்குப் போய்வர வேண்டும். 1971-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் வாட்ஸ்வொர்த் தம் ஆய்வேட்டில் இதற்கு வழி காட்டினார். முதல் தடவை தேவைப்படும்போது போய்ப் பிடுங்கி நிறுத்து, எடையைச் சீட்டின் மேலேயே குறித்துவிட வேண்டும். மறுதடவை கேட்டால் குறிப்பைப் பார்த்துச் சொன்னால் போதும். யாரும் கேட்காவிட்டால் காட்டுக்குப் போகவே வேண்டாம். வேண்டும்போது மதிப்பிடுதல் என்று நாம் சொல்லக்கூடிய இந்த முறையைத்தான் பிற்பாடு ஹாஸ்கெல் மொழியின் செயலாக்கங்கள் கைக்கொண்டன. 1987-இல் போர்ட்லாண்டில் நடந்த மாநாட்டில் முடிவு செய்யப்பட்டு, 1990-இல் முதல் அறிக்கை வந்த மொழி அது.

எப்போது கணக்கிட்டால் என்ன, விடை ஒன்றுதானே, இது வேகம் பற்றிய பிரச்சினை மட்டும்தானே என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஐயத்துக்குப் பலமான ஆதரவும் இருக்கிறது. லாம்டா நுண்கணிதத்தில் எந்த வரிசையில் சுருக்கிக்கொண்டு போனாலும், இரண்டு வழிகளும் முடிவுக்கு வருமானால் இரண்டும் ஒரே இடத்தில்தான் முடியும் என்று தர்க்கவியலாளர்கள் சர்ச்சும் ராசரும் 1936-இலேயே நிறுவிவிட்டார்கள். ஆனால் அந்தத் தேற்றத்தில் ‘முடிவுக்கு வருமானால்’ என்று இருப்பதைத் தாண்டிப் போகக் கூடாது. ஒரு வழி முடிந்து மறுவழி முடியாமலே போகலாம். அது நடக்கும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். முத்து அண்ணாமலை உருவாக்கி 2009-இல் ஆய்வுக்கட்டுரையாக அறிமுகம் செய்த தமிழ் நிரல்மொழி எழில். அதில் செயற்கூறுக்கு நிரல்பாகம் என்று பெயர். விடையைத் திருப்பித்தரப் பின்கொடு என்ற சொல். நிபந்தனைக் கேள்வியை முதலில் எழுதி, அதன் பின் ஆனால் என்று வரும். இப்போது இந்த ‘ஆனால்’ வேண்டாம், அதன் வேலையைச் செய்ய நாமே தேர்வு என்றொரு நிரல்பாகம் எழுதிக்கொள்வோம் என்று ஒரு மாணவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று அளபுருக்கள்: கேள்வி, ஆம் என்றால் தர வேண்டியது, இல்லை என்றால் தர வேண்டியது. இதைக்கொண்டு காரணீயம் எழுதுகிறார். எண் பூச்சியமானால் 1, இல்லாவிட்டால் எண்ணை அதற்கு முந்திய எண்ணின் காரணீயத்தால் பெருக்கிய தொகை. தாளில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

ஓட்டினால் நிற்காது. காரணீயம்(0) என்று கேட்டாலும் நிற்காது. தேர்வுக்குள் நுழைவதற்கு முன் மூன்று செயலுருபுகளையும் கணக்கிட்டாக வேண்டும். மூன்றாவதில் காரணீயம்(-1) இருக்கிறது. அதைக் கணக்கிடப் போனால் அங்கும் ஒரு தேர்வு, அதன் மூன்றாவது செயலுருபில் காரணீயம்(-2). பூச்சியத்தால் பெருக்கப்போகிறோம், விடை எதுவானாலும் பூச்சியம்தான், அதுவும் எடுத்தெறியப்படப் போகிறது என்பதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது. எழிலின் அடியில் ஓடுவது பைத்தான். தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஆழம் வரம்பைத் தாண்டியதும் பிழை என்று கைவிரித்துவிடும். ‘கேள்வி ஆம்’ என்ற விடை முதல் செயலுருபிலேயே கைக்கு வந்துவிட்டது. அதைப் பார்ப்பதற்குள் கதை முடிந்தது. இதே நிரலை ஹாஸ்கெலில் எழுதினால் ஒரு தொல்லையும் இல்லாமல் 1 என்று விடை வரும். வேகத்தில் வந்த வேறுபாடு என்று இதைச் சொல்ல முடியுமா? ஒன்றில் விடை இருக்கிறது, மற்றதில் இல்லை. ‘ஆனால்’ என்பது ஏன் முன்கூட்டிக் கணக்கிடும் மொழிகளில் பெரும்பாலும் சாதாரணச் செயற்கூறாக இல்லாமல் மொழியே கட்டித் தந்த தனி அமைப்பாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் இங்கேதான் கிடைக்கிறது. முன்கூட்டிக் கணக்கிடும் மொழிகளும் தங்களுக்குள் ஒரு இடத்தில் பின்கூட்டிக் கணக்கிடுவதை ஒளித்து வைத்தே பிழைக்கின்றன. பைத்தானின் ‘அண்டு’, ‘ஆர்’ இரண்டும் அப்படித்தான்: இடப்பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிட்டால் வலப்பக்கத்தைத் தொடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தெரியாமலே இதைத் தினமும் பயன்படுத்துகிறார்.

அப்படியானால் எல்லாவற்றையும் வேண்டும்போது மதிப்பிட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று மறுபக்கம் சாயவும் முடியாது. இங்கே மரவள்ளிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துப்போகத் தொடங்கும். மலையிலிருந்து வண்டி கிடைக்க ஒரு நாள், ஆலை வாசலில் வரிசையில் ஒரு நாள் என்று ஆனால், காட்டில் இருந்த கிழங்கும் தராசில் ஏறும் கிழங்கும் ஒன்றல்ல. காலம் கடந்தால் மதிப்பே மாறுகிற உலகத்தில் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது விலையைத் திருத்தி எழுதுவதற்குச் சமம். நிரலிலும் இதே நிலைதான். செயலுருபில் இருக்கும் கணக்கு வெளியுலகத்தைத் தொடாததாக இருந்தால், எப்போது போட்டாலும் அதே விடை. கோப்பிலிருந்து ஒரு வரி படிப்பது, கணக்கில் பணம் கழிப்பது, நேரம் கேட்பது போன்றதாக இருந்தால் எப்போது என்பதே விடை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் முதல் இயல் இந்த வேறுபாட்டைத் தூய செயற்கூறு, தூய்மையற்ற செயற்கூறு என்று சொல்லித்தருகிறது, அது பாராட்டத்தக்கது. சரத்தின் நீளத்தைக் கண்டுபிடிக்கும் செயற்கூறு ஒரு மடக்குக்குள் ஒவ்வொரு சுற்றிலும் அழைக்கப்படும் எடுத்துக்காட்டைக் காட்டி, அது தூயது என்று நிரல்பெயர்ப்பிக்குத் தெரிந்தால் ஒரே தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறது. தற்செயல் எண் தரும் செயற்கூறில் அப்படிச் செய்ய வழியில்லை. வாட்ஸ்வொர்த் சீட்டின் மேல் எடையைக் குறித்து வைத்ததும் இதே நியாயத்தில்தான். ஹாஸ்கெல் தூய்மையை ஏன் அவ்வளவு பிடிவாதமாகக் காக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். மதிப்பீட்டைத் தள்ளிப்போட உரிமை வேண்டுமானால், தள்ளிப்போட்டாலும் மாறாத பொருளை மட்டுமே கையாள வேண்டும். வேறு வழி கிடையாது.

தள்ளிப்போடுவதில் இன்னொரு செலவும் இருக்கிறது. தூயதாகவே இருந்தாலும் கணக்குகள் தீராமல் குவியும். பத்து லட்சம் எண்களைக் கூட்டச் சொன்னால், கூட்டிக்கொண்டே போகாமல், ‘இதோடு அதைக் கூட்ட வேண்டும்’ என்ற சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் ஒருவர் விடை கேட்கும்போது நினைவகம் நிரம்பி வழியலாம். ஹாஸ்கெல் எழுதுபவர்களே ‘இந்த இடத்தில் உடனே கணக்கிடு’ என்று ஆங்காங்கே குறி போட்டுக்கொள்வது இதனால்தான். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிழையின் இடம். செயலுருபில் பூச்சியத்தால் வகுக்கும் தவறு ஒன்று இருக்கிறது. முன்கூட்டிக் கணக்கிடும் மொழியில் அது அழைத்தவரின் வாசலிலேயே வெடிக்கும். எழுதியவர் உடனே பார்ப்பார். தள்ளிப்போடும் மொழியில் அந்தச் சீட்டு கைமாறிக் கைமாறி, சம்பந்தமே இல்லாத ஏதோவொரு செயற்கூறின் வயிற்றுக்குள் போய் வெடிக்கும். காட்டிலேயே விலை முடிந்திருந்தால் அழுகலுக்கு வியாபாரி பொறுப்பு. ஆலையில் பாயிண்ட் பார்த்தால் வழியில் நேர்ந்தது எல்லாம் விளைவித்தவர் தலையில். மதிப்பிடும் நேரத்தைத் தேர்வது இழப்பு யாருடையது என்பதையும் சேர்த்தே தேர்வதாகும். அதனால்தான் பெரும்பாலான மொழிகள் முன்கூட்டிக் கணக்கிடுவதை இயல்பாக வைத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அது பொறுப்பைத் தெளிவாக வைக்கும் ஏற்பாடு. அது ஒரு ஏற்பாடு என்று சொல்லித்தராமல் விடுவதுதான் குறை.

அழைப்பதற்கும் முந்திய ஒரு நேரம் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பைத்தான் படிப்பவர்கள் அதிகம் இடறி விழுவது அதில்தான். ஒரு அளபுருவுக்குச் செயலுருபு தரப்படாவிட்டால் இதை எடுத்துக்கொள் என்று ஒரு மதிப்பை முன்பே எழுதி வைக்கலாம். பாடநூல் அதைத் தானமைவுச் செயலுருபு என்கிறது. அந்த மதிப்பு ஒவ்வொரு அழைப்பிலும் கணக்கிடப்படுவதில்லை. செயற்கூறு வரையறுக்கப்படும் அந்த ஒரே தடவைதான். அங்கே ஒரு வெற்றுப் பட்டியலை வைத்து, உள்ளே அதில் ஒரு பெயரைச் சேர்த்தால், முதல் அழைப்பில் ஒரு பெயர், இரண்டாம் அழைப்பில் இரண்டு பெயர், மூன்றாவதில் மூன்று என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொருவருக்கும் புதுத்தாள் கிடைக்கும் என்று எழுதியவர் நினைத்தார்; எல்லோரும் ஒரே தாளில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். கரும்புக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2024-25 பருவத்துக்கு, 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவுக்கு, குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று ஒன்றிய அரசு பருவம் தொடங்கும் முன்பே அறிவித்தது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையானாலும் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையானாலும் கட்டுமானம் ஆலை முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. ஒருவர் காட்டுக் கரும்பு மட்டும் இனிப்பாக இருந்தால் அதற்கென்று தனி எண் கிடையாது. ஒரே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மரவள்ளி சுமைக்குச் சுமை மதிப்பிடப்படுகிறது, கரும்பு எல்லோருக்குமாக ஒரே எண்ணில் மதிப்பிடப்படுகிறது.

இவ்வளவும் சரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பாரமில்லையா என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. தமிழ்வழியில், உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் மலைப்பிள்ளைக்கு அல்கால் 60 எதற்கு என்று அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு. அல்கால் வேண்டாம். ஆனால் பாரம் விஷயத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்பது என் எண்ணம். ‘மதிப்பு மூலம் அழைத்தல்’ என்பது பெயர்ச்சொல்லை வைத்துக் கட்டிய தொடர். அதில் காலம் இல்லை. மதிப்பு என்பது எங்கோ ஆயத்தமாகக் கிடப்பதுபோலவும், எடுத்து நீட்டினால் போதும் என்பதுபோலவும் அது காட்டுகிறது. மதிப்பு தானாகக் கிடப்பதில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு நேரத்தில் மதிப்பிட்டால்தான் உண்டு. கண்மதிப்பு என்று சொல்லும் கள்ளக்குறிச்சி வியாபாரிக்கு மதிப்பு என்பது இன்றும் ஒரு செயல்தான். தமிழில் வினையைக் காலத்தோடும் நிபந்தனையோடும் இன்னொரு வினையில் கோக்க வினையெச்சம் இருக்கிறது. தொல்காப்பியம் அதற்கு ஒன்பது வாய்பாடுகள் வகுக்கிறது. ‘செய்து’ என்பது முன்னே முடிந்த வினையைச் சொல்லும். ‘செயின்’ என்பது நடந்தால் என்ற நிபந்தனையைச் சொல்லும். மதிப்பிட்டு அழைத்தல், மதிப்பிடாது அழைத்தல், வேண்டின் மதிப்பிடல் என்று சொன்னால், எப்போது என்ற கேள்விக்குப் பெயரே பதில் சொல்லிவிடுகிறது. நிரலுக்கும் இலக்கணத்துக்கும் முடிச்சுப் போடலாமா என்று தயங்குபவர்கள், எழிலில் ‘ஆனால்’ கேள்விக்குப் பின்னால் வருவதை நினைத்துப் பார்க்கலாம். மொழியின் நடையை நிரலுக்குள் கொண்டுவர ஏற்கெனவே ஒருவர் துணிந்திருக்கிறார். அதில் தவறொன்றும் நேர்ந்துவிடவில்லை.

வகுப்பில் இதைக் காட்டப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. எடை என்றொரு செயற்கூறு; அது ஓடும் ஒவ்வொரு தடவையும் திரையில் ‘நிறுத்தேன்’ என்று ஒரு வரி விழுந்து, பிறகு 40 என்ற எண்ணைத் திருப்பித்தரும். இன்னொரு செயற்கூறு தன் அளபுருவை இரண்டு இடத்தில் எடுத்துக் கூட்டும். மூன்றாவது ஒன்று அளபுருவை வாங்கிக்கொண்டு அதைத் தொடாமலே 5 என்று சொல்லும். பைத்தானில் எடை() என்று அடைப்புக்குறியோடு எழுதி அனுப்பினால், கூட்டும் செயற்கூறுக்கு முன்னால் ஒரு ‘நிறுத்தேன்’, தொடாத செயற்கூறுக்கு முன்னாலும் ஒரு ‘நிறுத்தேன்’. அடைப்புக்குறியை நீக்கி எடை என்று மட்டும் அனுப்பி, உள்ளே தேவைப்படும் இடத்தில் அடைப்புக்குறியைப் போட்டால், கூட்டுவதில் இரண்டு ‘நிறுத்தேன்’ விழும். தொடாததில் ஒன்றும் விழாது. முதல் தடவை வந்த எடையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு மறுதடவை அதையே எடுத்தால், கூட்டுவதில் இரண்டு ஒன்றாகும். தொடாததில் அப்போதும் ஒன்றும் விழாது. மலைப்பாதையில் இறங்குவது நிறுத்த எடையா, நிறுக்க வேண்டிய சுமையா என்பதை இந்த நிரலில் சொல்வது அந்த இரண்டு அடைப்புக்குறிகள். அவை வாசலுக்கு வெளியே நிற்கின்றனவா, உள்ளே நிற்கின்றனவா என்பதைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டிவிடலாம்.